மலையேறும் வாகனங்களுக்குள் ஒரு ஜேர்மன் பேராசிரியர்: வால்தர் நேர்ன்ஸ்டின் கதை

பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கம் வேன் ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் அந்த மஞ்சள் விளக்கைத் தெரியும். ஸ்டியரிங்குக்குப் பின்னால், எஞ்சின் படத்தோடு எரியும் சின்ன விளக்கு. அது எரியத் தொடங்கிய சில நாட்களில் பெற்றோல் கூடுதலாகக் குடிக்கும். சைலன்சர் வாயில் கரி படியும். ஏற்றத்தில் வண்டி திணறும். கராஜுக்குக் கொண்டுபோனால் ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு, ஒட்சிசன் சென்சர் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று சொல்வார்கள்.

மாற்றுவது சிறிய செலவு அல்ல. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்து வருடமும் ஊவாவின் வீதிகளில் ஓடியவை ஏற்கனவே இங்கே இருந்த வண்டிகள்தான். பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றுவதும், பிரசவ வலி வந்த பெண்ணைத் தோட்டத்திலிருந்து பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும், மரக்கறி மூட்டையைச் சந்தைக்கு இறக்குவதும் அதே பழைய வேன்கள்தான். அப்படிப்பட்ட வண்டிக்காரர் ஒருவர் கடன்பட்டுப் புதிய சென்சர் போட்டு, ஒரு வாரத்தில் அதே மஞ்சள் விளக்கு திரும்ப எரிந்தால் அவர் யாரைக் கேட்பது?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் ஒரு மனிதரின் வாழ்க்கைக்குள் போக வேண்டியிருக்கிறது. விரல் நீளமான அந்தச் சென்சர் வேலை செய்யும் விதியை எழுதியவரும், அதற்குள் இருக்கும் வெள்ளைப் பீங்கானை முதலில் பயனுள்ள பொருளாக்கியவரும் ஒருவரே. அவர் பெயர் வால்தர் நேர்ன்ஸ்ட். இரசாயனம் படித்தவர்களுக்கு அவரை நோபல் பரிசு பெற்றவராகத் தெரியும். தன் காரை மேட்டில் ஏற்றுவதற்காகச் சிரிப்பு வாயு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போன கார்ப் பைத்தியம் என்பது பலருக்குத் தெரியாது.

நீதிபதியின் மகன்

நேர்ன்ஸ்ட் 1864 ஜூன் 25ஆம் திகதி, அன்றைய பிரஷ்யாவின் கிழக்குப் பகுதியில் இருந்த பிரீசன் என்ற சிறு நகரில் பிறந்தார். இன்று அந்த ஊர் போலந்தில் இருக்கிறது. தந்தை நீதிபதி. அக்கால வழக்கப்படி மகன் ஒரே பல்கலைக்கழகத்தில் தங்கவில்லை. சூரிச், பேர்லின், கிராஸ் என்று அலைந்து, வூர்ஸ்பேர்க்கில் 1887இல் கலாநிதிப் பட்டம் வாங்கினார். பிறகு லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் ஒஸ்ட்வால்டின் உதவியாளராகச் சேர்ந்தார்.

இரசாயனத்தையும் பௌதிகத்தையும் பிரித்திருந்த மதில் இடிந்துகொண்டிருந்த காலம் அது. உப்பு தண்ணீரில் கரையும்போது மின்னேற்றம் கொண்ட அயன்களாகப் பிரிகிறது என்பதே அன்று புதுக்கருத்து. பலர் அதை நம்பவில்லை. நேர்ன்ஸ்ட் நம்பினார். நம்பியதோடு நில்லாமல், அதிலிருந்து எவ்வளவு மின்னழுத்தம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டார். 1889இல், 25 வயதில், அவர் வெளியிட்ட சமன்பாடு இன்றும் அவர் பெயரிலேயே வழங்குகிறது.

சமன்பாட்டின் சாரத்தை எளிதாகச் சொல்லலாம். ஒரே பொருள் ஒரு பக்கம் நிறையவும் மறுபக்கம் குறைவாகவும் இருந்து, நடுவில் அதன் அயன்களை மட்டும் விடும் ஒரு சுவர் இருந்தால், இரண்டு பக்கங்களுக்கும் இடையில் ஒரு மின்னழுத்தம் தோன்றும். அதன் அளவு வெப்பநிலையையும், இரு பக்க அளவுகளின் விகிதத்தையும் பொறுத்தது. வித்தியாசம் எத்தனை தடவை பத்து மடங்காகிறதோ, அத்தனை தடவை மின்னழுத்தம் ஒரே அளவால் கூடும்.

வேனுக்குள் இருக்கும் சென்சருக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். பீங்கான் சுவரின் ஒரு பக்கம் வெளிக்காற்று. அதில் 21 வீதம் ஒட்சிசன். மறுபக்கம் எஞ்சினிலிருந்து வரும் புகை. சென்சர் ஏறத்தாழ 630 பாகை செல்சியஸில் இருந்தால், ஒட்சிசன் அளவில் ஒவ்வொரு பத்து மடங்கு வித்தியாசத்துக்கும் சுமார் 45 மில்லிவோல்ட் கிடைக்கும். பெற்றோல் குறைவாகப் போய்ப் புகையில் 2 வீதம் ஒட்சிசன் மிஞ்சினால், வெளிக்காற்றோடு ஒப்பிட அது பத்தில் ஒன்று. ஆகவே மீற்றர் ஒரு வோல்ட்டின் இருபதில் ஒன்றைக்கூடக் காட்டாது. பெற்றோல் கூடிப்போனால் புகையில் ஒட்சிசன் கிட்டத்தட்ட இல்லாமலே போய்விடும். அப்போது மீற்றர் 0.8, 0.9 வோல்ட்டுக்குத் தாவும். காற்றும் பெற்றோலும் எடைப்படி 14.7க்கு 1 என்ற கணக்கில் சரியாக இருக்கும் இடம் இந்த இரண்டுக்கும் நடுவில், ஏறத்தாழ 0.45 வோல்ட்டில் இருக்கிறது.

இதுவே கராஜில் செய்யவேண்டிய முதல் சோதனை. எஞ்சின் சூடான பிறகு, கற்றலிற்றிக் கொன்வேட்டருக்கு முன்னால் உள்ள சென்சரின் சிக்னல் வயரில் மீற்றரை வைத்தால், எண் 0.1க்கும் 0.9க்கும் இடையில் ஓயாமல் ஏறி இறங்க வேண்டும். ஏறி இறங்கினால் சென்சர் உயிரோடு இருக்கிறது. ஓரிடத்தில் உறைந்து நின்றால் சந்தேகப்படலாம். ஆனால் உடனே தீர்ப்புச் சொல்லக்கூடாது. சில ஜப்பானிய வண்டிகளில் இருக்கும் காற்று-எரிபொருள் விகிதச் சென்சர் வேறு வகை. அதை இந்த எண்களால் அளக்க முடியாது. ஸ்கேனரில்தான் பார்க்க வேண்டும்.

விளக்கு

1890களில் நேர்ன்ஸ்ட் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் இருந்தார். மியூனிக்கிலிருந்து வந்த அழைப்பைக் காட்டித் தனக்கென ஒரு பௌதிக இரசாயன நிறுவனத்தையே அங்கு பெற்றுக்கொண்டார். 1892இல் எம்மா லோமேயரை மணந்தார். இரண்டு ஆண் பிள்ளைகள், மூன்று பெண் பிள்ளைகள்.

அப்போதைய மின்விளக்குகளில் எரிந்தது கரி இழை. வெளிச்சம் மங்கல், ஆயுள் குறைவு, கண்ணாடிக் குமிழுக்குள் வெற்றிடமும் வேண்டும். நேர்ன்ஸ்ட் 1897இல் வேறு வழியில் போனார். சிர்கோனியம் ஒட்சைட்டோடு யிற்றியம் முதலான அரிய உலோகங்களின் ஒட்சைட்டுகளைக் கலந்து ஒரு மெல்லிய பீங்கான் குச்சி செய்தார். குளிர்ந்திருக்கும்போது அதில் மின்சாரம் ஓடாது. சூடாக்கினால் ஓடும். ஓடினால் இன்னும் சூடாகி வெள்ளை வெளேரென்று ஒளிரும். ஏற்கனவே ஒட்சைட்டு என்பதால் காற்றில் எரிந்துபோகாது. வெற்றிடமும் தேவையில்லை.

ஏ.இ.ஜி. என்ற பெரிய மின் நிறுவனம் இதன் உரிமையை வாங்கியது. பத்து இலட்சம் மார்க் கொடுத்தது என்பது அக்காலத்தில் ஐரோப்பா முழுக்கப் பேசப்பட்ட கதை. ஒரு பேராசிரியர் விளக்கு விற்றுப் பணக்காரர் ஆகிவிட்டார்.

ஆனால் விளக்குக்கு ஒரு குறை இருந்தது. சுவிட்சைப் போட்டவுடன் எரியாது. முதலில் ஒரு பிளாட்டினக் கம்பிச் சுருள் பீங்கானைச் சூடாக்க வேண்டும். அதுவரை காத்திருக்க வேண்டும். பிறகு டங்ஸ்டன் இழை விளக்கு வந்தது. நேர்ன்ஸ்டின் விளக்கைச் சந்தையிலிருந்து அது துரத்திவிட்டது. டங்ஸ்டன் விளக்கை வாயு நிரப்பி மேம்படுத்திய அமெரிக்கர் ஏர்விங் லாங்மூர், கோட்டிங்கனில் நேர்ன்ஸ்டிடம் படித்துப் பட்டம் வாங்கிய மாணவர்.

விளக்கு தோற்றது. பீங்கான் தோற்கவில்லை. இன்று ஒட்சிசன் சென்சருக்குள் இருப்பது அதே குடும்பத்துப் பீங்கான், யிற்றியா கலந்த சிர்கோனியா. குறையும் அதேதான். சுமார் 300 பாகைக்குக் கீழே அது வேலை செய்யாது. அதனால் சென்சருக்குள் ஒரு ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். நேர்ன்ஸ்ட் விளக்கில் இருந்த சூடாக்கும் சுருளின் பேரப்பிள்ளை அது.

ஊவாவில் இது வெறும் சரித்திரம் அல்ல. பண்டாரவளையிலோ அப்புத்தளையிலோ விடியற்காலையில் குளிரில் வண்டியை எடுத்துக் கொஞ்சத் தூரம் மட்டும் ஓடுகிறவருக்குச் சென்சர் சூடாவது முக்கியம். ஹீட்டர் போனால் எஞ்சின் கணினிக்கு நேரத்துக்குத் தகவல் கிடைக்காது. அது பாதுகாப்புக்காகக் கூடுதல் பெற்றோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். ஸ்கேனரில் பி 0135 என்ற இலக்கம் வந்தால், குறை முதற்சென்சரின் ஹீட்டர் சுற்றில் என்று அர்த்தம். அந்தச் சுற்றில் சென்சர் மட்டும் இல்லை. பியூஸ் இருக்கிறது, ரிலே இருக்கிறது, வயர் இருக்கிறது, சொக்கெட் இருக்கிறது. பியூஸைப் பார்த்து, சொக்கெட்டில் 12 வோல்ட் வருகிறதா என்று பார்த்து, பிறகு ஹீட்டரின் இரண்டு முனைகளுக்கு இடையே தடையை அளந்தால் விடை வந்துவிடும். பொதுவாகச் சில ஓம் காட்ட வேண்டும். ஒன்றும் காட்டாவிட்டால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. அப்போது மாற்றத்தான் வேண்டும். பியூஸ் போயிருந்தால், புதிய சென்சர் வாங்கிய பணம் வீண்.

மேட்டில் ஏறாத கார்

விளக்குப் பணத்தில் நேர்ன்ஸ்ட் வாங்கியவற்றில் முக்கியமானது மோட்டார் கார். கோட்டிங்கனில் முதன்முதலில் கார் வைத்திருந்தவர்களில் அவர் ஒருவர். அக்காலக் கார்கள் மேட்டைக் கண்டால் நின்றுவிடும். ஆட்கள் இறங்கித் தள்ளவேண்டும். நேர்ன்ஸ்டுக்குத் தள்ளுவதில் விருப்பமில்லை. எஞ்சினுக்குப் பலம் வரவேண்டுமானால் கூடுதல் எரிபொருள் எரியவேண்டும், அதற்குக் கூடுதல் ஒட்சிசன் வேண்டும். காற்று தரும் ஒட்சிசன் போதாவிட்டால் வேறெங்கிருந்தாவது எடுக்க வேண்டும். நைதரசு ஒட்சைட்டு, அதாவது பல் வைத்தியர்கள் பயன்படுத்திய சிரிப்பு வாயு, சூட்டில் பிரிந்து ஒட்சிசனைத் தரும். அவர் ஒரு சிலிண்டரைக் காரில் ஏற்றி, மேடு வரும்போது வாயுவை எஞ்சினுக்குள் திறந்துவிட்டார். கார் ஏறியது. இன்று பந்தயக் கார்களில் செய்கிற அதே வேலை.

பெரகலையிலிருந்து அப்புத்தளைக்கு ஏறுகிற சாரதிக்கு இந்தக் கணக்கை விளக்கவேண்டியதில்லை. அப்புத்தளை கடல் மட்டத்திலிருந்து 1,400 மீற்றருக்கு மேலே. அங்கே காற்றின் அழுத்தம் கொழும்பை விட ஏறத்தாழ 15 வீதம் குறைவு. பழைய காபரேட்டர் வண்டிகளில், கீழே சரியாகப் பொருத்திய பெற்றோல் அளவு மேலே வந்ததும் அதிகமாகிவிடும். கறுப்புப் புகை தள்ளும். மேட்டுக்கு ஒரு தடவை, இறக்கத்துக்கு ஒரு தடவை என்று திருகி ஓட்டிய பழைய சாரதிகள் இன்னும் இருக்கிறார்கள்.

சென்சர் உள்ள வண்டி இதைத் தானே சரிசெய்துகொள்ளும். காரணம் நேர்ன்ஸ்டின் சமன்பாடு விகிதத்தைப் பார்க்கிறது. சென்சர் ஒப்பிடுவது கொழும்புக் காற்றோடு அல்ல, அந்த இடத்துக் காற்றோடு. அப்புத்தளையில் அப்புத்தளைக் காற்று, பதுளையில் பதுளைக் காற்று.

அந்த வெளிக்காற்று சென்சருக்குள் போகவேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது. பல சென்சர்களில் அது வயர்களின் உள்ளிருக்கும் நுண்ணிய இடைவெளி வழியாகத்தான் போகிறது. மழைக்காலத் தோட்டப் பாதையின் சேறு அங்கே அடைத்தாலோ, அறுந்த வயரை ஈயம் வைத்து ஒட்டி மேலே பசை பூசினாலோ, சென்சருக்கு மூச்சு முட்டும். எண் குறைந்துகொண்டே போகும். நல்ல சென்சர் கெட்ட பெயர் வாங்கும். வயரை இணைக்கவேண்டுமானால் அழுத்தி இணைக்கும் கிளிப்தான் ஏற்றது.

பேர்லின்

1905இல் நேர்ன்ஸ்ட் பேர்லினுக்குப் போனார். அந்த ஆண்டின் முடிவில் அவர் முன்வைத்த வெப்பத் தேற்றம் இன்று வெப்பவியக்கவியலின் மூன்றாம் விதி எனப் படிப்பிக்கப்படுகிறது. வெப்பநிலை பூரண பூச்சியத்தை நெருங்கும்போது பொருட்களின் எந்திரப்பி மாற்றம் மறைந்துவிடுகிறது என்பது அதன் கருத்து. அதை நிரூபிக்கப் பல ஆண்டுகள் அவரது ஆய்வுகூடம் பொருட்களைக் குளிரவைத்து அளந்தபடியே இருந்தது. இதற்காகவே 1920ஆம் ஆண்டுக்கான இரசாயன நோபல் பரிசு அவருக்கு 1921இல் வழங்கப்பட்டது.

மற்றவர்களின் திறமையைக் கண்டுகொள்வதிலும் அவர் கெட்டிக்காரர். 1911இல் பிரசல்ஸில் நடந்த முதலாவது சோல்வே மாநாட்டுக்குப் பின்னால் இருந்தவர் அவர்தான். 1913இல் மக்ஸ் பிளாங்கோடு ரயிலேறி சூரிச்சுக்குப் போய், ஐன்ஸ்டைனைப் பேர்லினுக்கு வரச் சம்மதிக்க வைத்தார்.

யுத்தம்

1914இல் உலக யுத்தம் வந்தது. இங்கே அவர் வாழ்க்கையின் இருண்ட பக்கம் தொடங்குகிறது. அதை மூடி மறைத்து எழுதுவது சரியல்ல.

ஜேர்மன் இராணுவத்தை நியாயப்படுத்தி 93 அறிவுஜீவிகள் வெளியிட்ட அறிக்கையில் அவரும் ஒப்பமிட்டார். 50 வயதில் தொண்டர் சாரதிப் படையில் சேர்ந்து, தன் காரில் ஆவணங்களை ஏற்றிக்கொண்டு பிரான்ஸில் முன்னேறிய படைவரை போனார். பரிஸ் நகரின் இரவு வெளிச்சம் தெரியும் தூரம்வரை. மார்ன் சமருக்குப் பிறகு படை நின்றது. பதுங்குகுழி யுத்தம் தொடங்கியது. எதிரியைக் குழியிலிருந்து வெளியேற்றக் கண்ணீர் வாயு நிரப்பிய குண்டுகளைப் பயன்படுத்தலாம் என்ற யோசனையோடு இராணுவத்தை அணுகியவர்களில் நேர்ன்ஸ்ட் ஒருவர். அந்தச் சோதனையைப் பார்க்க வந்த பிரிட்ஸ் ஹாபர், அதைவிடக் கொடிய வழியைச் சொன்னார். 1915 ஏப்ரல் 22ஆம் திகதி இப்பிரெஸில் குளோரின் மேகம் அவிழ்த்துவிடப்பட்டது. ஒட்சிசனை அளக்க வழி தந்த அதே மனிதர், மனிதர்களின் மூச்சை நிறுத்திய பாதையின் தொடக்கத்திலும் நிற்கிறார்.

அந்த யுத்தத்தில் அவரது இரண்டு மகன்களும் இறந்தார்கள். அவருக்கு ஆண் பிள்ளைகள் அந்த இருவர் மட்டும்தான்.

இன்னொரு சம்பவமும் உண்டு. கண்ட கப்பலையெல்லாம் நீர்மூழ்கிகளால் தாக்கலாம் என்று ஜேர்மன் தலைமை ஆலோசித்தபோது, அது அமெரிக்காவை யுத்தத்துக்குள் இழுத்துவிடும், அமெரிக்காவின் பலத்தை நீங்கள் அறியவில்லை என்று எச்சரிக்க நேர்ன்ஸ்ட் பேரரசரிடம் நேரம் கேட்டார். அமெரிக்காவுக்குப் போய் அதன் தொழிற்துறையை நேரில் பார்த்தவர் அவர். தளபதி லூடன்டோர்ஃப் அவரைச் சத்தம்போட்டு அடக்கிவிட்டார். 1917 பெப்ரவரியில் தாக்குதல் தொடங்கியது. ஏப்ரலில் அமெரிக்கா யுத்தத்தில் இறங்கியது. அடுத்த ஆண்டு ஜேர்மனி தோற்றது. அளந்து சொன்னவர் வாயை மூடினார்கள். அளவு மாறவில்லை.

மஞ்சள் விளக்கு எரிந்தவுடன் சென்சரைக் கழற்றி எறிகிறவர்களும் பல நேரங்களில் இதைத்தான் செய்கிறார்கள். ஒரு சிலிண்டரில் பிளக் வேலை செய்யவில்லை என்று வைப்போம். அந்தச் சிலிண்டரின் காற்று எரியாமல் அப்படியே புகைக்குழாய்க்குப் போகும். சென்சர் ஒட்சிசனைத்தான் அளக்கிறது. எரியாத பெற்றோலை அது பார்ப்பதில்லை. ஆகவே ஒட்சிசன் கூடிவிட்டது என்று சொல்லும். கணினி பெற்றோலைக் கூட்டும். வண்டி மணக்கும், செலவு ஏறும். குறை பிளக்கிலோ கொயிலிலோ இருக்கிறது. குற்றம் சென்சர் தலையில் விழுகிறது.

அல்லது தோட்டத்துக் கல் ரோட்டில் அடிபட்டு, சென்சருக்கு முன்னால் புகைக்குழாயில் ஒரு வெடிப்பு. அதன் வழியே வெளிக்காற்று உள்ளே இழுபடும். சென்சர் மறுபடியும் ஒட்சிசன் அதிகம் என்று சொல்லும். அதற்கு எட்டிய காற்றைப் பொறுத்தவரை அது உண்மை. இன்ரேக் பக்கத்தில் ஒரு ரப்பர் குழாய் வெடித்திருந்தாலும் இதே கதை. பி 0171 என்ற இலக்கம், கலவையில் பெற்றோல் குறைவு என்று மட்டும்தான் சொல்கிறது. சென்சர் பழுது என்று அது சொல்லவே இல்லை.

ஆகவே ஒழுங்கு இதுதான். முதலில் பிளக், கொயில். அடுத்து வெற்றிடக் குழாய்கள், புகைக்குழாய் வெடிப்பு. அடுத்து வயரும் சொக்கெட்டும். கடைசியாகச் சென்சர். சென்சரையே சோதிக்க ஓர் இலகுவான வழி உண்டு. எஞ்சின் சூடாக ஓடும்போது, எயார் கிளீனர் வழியாகக் காபரேட்டர் கிளீனர் ஸ்பிரேயை ஒரு சொட்டளவு மட்டும் விட்டால், கலவையில் எரிபொருள் கூடி எண் 0.8க்கு மேலே பாயவேண்டும். ஒரு வெற்றிடக் குழாயைக் கழற்றிக் காற்றை விட்டால் 0.2க்குக் கீழே விழவேண்டும். இரண்டுக்கும் உடனே அசைந்தால் சென்சர் நல்லது. அசையாவிட்டால், அல்லது சோம்பலாக அசைந்தால், அப்போது மாற்றலாம். சூடான எஞ்சினில் எரியும் திரவம் என்பதால் இதைப் பழக்கப்பட்டவர்தான் செய்யவேண்டும்.

1933

நேர்ன்ஸ்டின் பிற்காலத்தில் பல ஆண்டுகள் பேர்லின் பல்கலைக்கழகப் பௌதிக நிறுவனத்தில் கழிந்தன. பெஷ்டைன், சீமென்ஸ் நிறுவனங்களோடு சேர்ந்து ஒரு மின் பியானோ செய்தார். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூதர் என்பதால் ஒரு சகா பதவி நீக்கப்பட்டதை அறிந்த நேர்ன்ஸ்ட், ஹாபரிடம் போய் அவரது நிறுவனத்தில் தனக்கொரு இடம் கேட்டார். ஹாபரே நாட்டை விட்டுப் போகத் தயாராகிக்கொண்டிருந்தார். பின்னர், தன் இன மூலத்தைக் கேட்ட அரசாங்கப் படிவத்தை நிரப்ப நேர்ன்ஸ்ட் மறுத்தார். பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். அவரது மூன்று மகள்களில் இருவர் யூதர்களை மணந்திருந்தார்கள். ஒருவர் இங்கிலாந்துக்கும் மற்றவர் பிரேசிலுக்கும் புலம்பெயர்ந்தார்கள்.

1914இல் அறிக்கையில் ஒப்பமிட்ட கை, 1933இல் படிவத்தில் ஒப்பமிடவில்லை. முதலாவதை இரண்டாவது அழித்துவிடாது. ஆனாலும் இரண்டையும் சேர்த்துத்தான் அந்த மனிதரைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கடைசிக் காலத்தை சிபெல்லே என்ற இடத்தில் இருந்த தன் பண்ணையில் கழித்தார். அங்கே கெண்டை மீன் வளர்த்தார். மாடு, பன்றி வளர்த்தால் தீனியில் பாதி அவற்றின் உடம்புச் சூட்டுக்கே போய் வெளியில் வீணாகும், மீன் தண்ணீரின் சூட்டிலேயே இருப்பதால் அந்த நட்டம் இல்லை என்று அவர் கணக்குச் சொன்னதாக ஒரு கதை உண்டு. 1941 நவம்பர் 18ஆம் திகதி அங்கேயே இறந்தார். உடல் முதலில் அருகிலும், பிறகு பேர்லினிலும், கடைசியில் கோட்டிங்கனில் பிளாங்கின் கல்லறைக்குப் பக்கத்திலும் என மூன்று தடவை புதைக்கப்பட்டது. சிபெல்லேயும் இன்று போலந்தில்தான் இருக்கிறது.

அவருக்குப் பிறகு

அவர் இறந்து இரண்டு வருடத்தில், 1943இல், கார்ல் வாக்னர் என்ற இரசாயனவியலாளர் அந்த விளக்குப் பீங்கானுக்குள் மின்சாரம் எப்படி ஓடுகிறது என்பதை விளக்கினார். சிர்கோனியாவில் யிற்றியா கலக்கும்போது படிகத்தில் ஒட்சிசன் இருக்கவேண்டிய சில இடங்கள் வெறுமையாகிவிடுகின்றன. சூடேறினால் ஒட்சிசன் அயன்கள் அந்த வெற்றிடங்கள் வழியே தாவித் தாவி நகரும். நேர்ன்ஸ்டின் சமன்பாட்டுக்குத் தேவையான சுவர் நேர்ன்ஸ்டின் விளக்குக்குள்ளேயே இருந்திருக்கிறது.

1970களில் அமெரிக்காவில் புகைக் கட்டுப்பாடு இறுகியபோது இந்தச் சுவருக்குத் தேவை வந்தது. 1976இல் போஷ் நிறுவனத்தின் ஒட்சிசன் சென்சரோடு வொல்வோ கார்கள் அமெரிக்கச் சந்தைக்குப் போயின. பிறகு உலகமெங்கும் பெற்றோல் கார்களுக்கு அது வழக்கமாகியது. ஈயம் கலந்த பெற்றோல் சென்சரைக் கெடுத்துவிடும் என்பதால் ஈயமும் போகவேண்டியதாயிற்று. இலங்கையில் அது 2002இல் நிறுத்தப்பட்டது. இன்று இங்கே சென்சருக்கு எமன் வேறு: எரியும் எஞ்சின் ஒயில், சிலிண்டருக்குள் கசியும் ரேடியேற்றர் தண்ணீர், எஞ்சின் மூட்டுகளில் தாராளமாகப் பூசும் சிலிக்கன் பசை. கழற்றிய சென்சரின் முனையில் வெள்ளைப் படிவு இருந்தால் சிலிக்கனைச் சந்தேகிக்கலாம், கறுப்புக் கரி இருந்தால் பெற்றோல் அதிகம் என்று. அந்த மூலக்காரணத்தைத் திருத்தாமல் புதியதைப் போட்டால் அதுவும் அதே வழியில் போகும்.

2022 ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்கு விற்றது. அடுத்த மாதம் கியூஆர் அட்டை வந்து, ஒரு காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என்று அளந்து கொடுத்தார்கள். அந்த நாட்களில் கூடுதலாக எரிந்த ஒவ்வொரு லீற்றரும் யாரோ ஒருவரின் ஆஸ்பத்திரிப் பயணம். வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப் புகைச் சான்றிதழ் வேண்டும் என்பதால், இன்றும் சென்சர் விடயம் வருடத்துக்கு ஒரு தடவையாவது வண்டிக்காரரைப் பிடிக்கிறது.

ஸ்கேனர்கள் மலிந்துவிட்டன. ஊவாவின் சிறு நகரங்களிலும் கைக்கு அடங்கும் கருவிகள் இருக்கின்றன. இலக்கத்தை வாசிப்பது எளிது, இலக்கம் எதைச் சொல்கிறது என்று அறிவதுதான் தொழில். தோட்டங்களிலிருந்து மோட்டார் தொழில் கற்கப் பதுளைக்கும் பண்டாரவளைக்கும் வரும் இளைஞர்களுக்கு ஒரு மீற்றரும், அதைப் பிடிக்கும் ஒழுங்கும், அதன் பின்னால் இருக்கும் காரணமும் தமிழில் சொல்லிக்கொடுக்கப்படவேண்டும். பாகத்தை மாற்றுகிறவர், பழுதைக் கண்டுபிடிக்கிறவர் என்ற இருவருக்கும் இடையிலுள்ள சம்பள வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. வண்டிக்காரரின் கடனும் அங்கேதான் குறையும்.

அடுத்த தடவை மஞ்சள் விளக்கு எரிந்தால், சென்சரை மாற்றச் சொல்கிறவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: அளந்து பார்த்தீர்களா, எத்தனை வோல்ட் காட்டியது? பதில் வந்தால் அவரிடம் வண்டியை விடலாம்.